பல்கலைக்கழக ஆண்டில் பண்டிகையும் நோன்பும் நினைவு நாளும்

பல மதத்தவரும் பல மொழியினரும் சேர்ந்து படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், ஆண்டு விழாக்களை ஒருங்கிணைக்கும் குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: யாருடைய பண்டிகையைக் கொண்டாடுவது, எதை விடுவது? மதச்சார்பற்ற நிறுவனம் வழிபாட்டு விஷயங்களில் கை வைக்கலாமா? நிறுவனத்தின் பொன்விழாவும் இதே ஆண்டில் வருகிறது. அதன் முக்கிய நாள் சிலருடைய நோன்பு மாதத்துக்குள் விழுகிறது. என்ன செய்வது?

மாணவர் நலப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

குழுவின் முதல் கூட்டத்தில் மேடை, ஒலிபெருக்கி, பட்ஜெட் எதையும் பேச்சுக்கு எடுக்காதீர்கள். தேர்வுப் பிரிவிலிருந்து அந்த ஆண்டின் தேர்வு அட்டவணையை வாங்கி மேசையில் விரித்து வையுங்கள். ஒரு பல்கலைக்கழகம் ஒரு சமயத்தவரை மதிக்கிறதா என்பது அவர்களுடைய பண்டிகைக்குக் கட்டும் தோரணத்தில் தெரிவதில்லை. அவர்கள் பட்டினி கிடக்கும் நாளில் தேர்வு வைக்கிறதா, வைத்தால் மாற்று வழி தருகிறதா என்பதில்தான் தெரியும். விழா எடுப்பதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். தேர்வு அட்டவணையை ஒரு நாள் நகர்த்தச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் நிறுவனத்தின் மனம் புரியும்.

பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம், மூன்று வெவ்வேறு காரியங்களை 'விழா' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுவது. கொண்டாட்டம் எல்லோருக்கும் கதவு திறந்தது. விருந்தாளி வந்தால் அதற்கு அழகு கூடும். நோன்பு, வழிபாடு, துக்க அனுசரிப்பு ஆகியவை நம்புகிறவருக்கு உரியவை. அவற்றுக்குப் பார்வையாளர் வேண்டாம், நேரமும் இடமும் போதும். ஆண்டு நினைவு நிறுவனத்துக்கு உரியது. அதற்கு வேண்டியது உண்மை. நோன்பை மேடையேற்றினால் அது காட்சிப்பொருளாகிவிடும். நிறுவன நாளை வெறும் கலைநிகழ்ச்சியாக நடத்தினால் அதில் நினைவு இருக்காது.

மதச்சார்பற்ற நிறுவனம் இதில் இறங்கலாமா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் கல்வியாண்டு என்ற ஏற்பாடே சமய நாட்காட்டியின் மடியில் வளர்ந்தது. ஆக்ஸ்போர்டில் இன்றும் பருவங்களின் பெயர் மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி. கேம்பிரிட்ஜில் மைக்கேல்மஸ், லென்ட், ஈஸ்டர். எல்லாம் கிறிஸ்தவத் திருநாள்களையும் தவக்காலத்தையும் ஒட்டி வந்தவை. ஞாயிறு விடுமுறையும் கிறிஸ்துமஸை ஒட்டிய ஓய்வும் உலகின் பல வளாகங்களில் யாரும் கேள்வி கேட்காத வழக்கமாகிவிட்டன. ரவீந்திரநாத் தாகூர் தொடங்கிய விசுவபாரதியில் புதன்கிழமை விடுமுறை. சாந்திநிகேதனில் புதன் காலையில் நடக்கும் உபாசனையோடு சேர்ந்து வந்த ஏற்பாடு அது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கு 1916 பிப்ரவரி 4 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நிறுவன நாளை அவர்கள் ஆங்கிலத் தேதிக்குக் கொண்டாடுவதில்லை, ஒவ்வோர் ஆண்டும் சரஸ்வதியை வழிபடும் வசந்த பஞ்சமி என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் கொண்டாடுகிறார்கள்.

ஆக, எந்தக் கல்வி நாட்காட்டியும் யாரோ ஒருவருடைய வழிபாட்டுக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த இடம் தானாகக் கிடைத்தவர் விடுப்புக் கடிதம் எழுத வேண்டியதில்லை; மற்றவர்கள் எழுத வேண்டியிருக்கிறது. 'நாங்கள் எந்த மதத்தையும் கணக்கில் எடுப்பதில்லை' என்று சொல்லும் நிர்வாகம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறது. ஆனால் எதையும் செய்யாமல் இருப்பதால் மட்டும் நடுநிலை வந்துவிடாது. அப்படியே விட்டால் பெரும்பான்மையின் ஓய்வு நாள் மட்டுமே காக்கப்படும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சமயம் கேட்டுச் சேர்த்துக்கொண்ட காலம் பல்கலைக்கழக வரலாற்றில் வெகு நீண்டது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் டர்ஹமிலும் பட்டத்துக்கும் பதவிக்கும் இருந்த சமய நிபந்தனைகளைப் பெரும்பாலும் நீக்கிய சட்டம் 1871-இல்தான் வந்தது. சமயம் பாராமல் சேர்ப்பதற்கென்றே 1826-இல் லண்டனில் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் இன்றைய யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன். வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தை வடிவமைத்த தாமஸ் ஜெஃபர்சன், வளாகத்தின் தலைமையிடத்தில் தேவாலயத்துக்குப் பதிலாக நூலகத்தை நிறுத்தினார். நம்புகிறவருக்கு இடம் கொடுப்பது எவ்வளவு முக்கியமோ, நம்பாதவரை எதிலும் கட்டாயப்படுத்தாமல் விடுவதும் அவ்வளவு முக்கியம். விடுதியில் பூசைக்கு நன்கொடை கேட்டு அறை அறையாகப் போவது, பிரார்த்தனைக்கு வராதவரைப் பெயர் குறித்துக்கொள்வது, பட்டமளிப்பு விழாவில் ஒரு மதத்தின் வாழ்த்தைக் கூடியிருப்பவர் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும் என்பது ஆகியவற்றை உங்கள் குழு எந்தச் சமரசமும் இல்லாமல் நிறுத்த வேண்டும். உரிமை என்றால் விலகி நிற்கும் உரிமையும் சேர்ந்ததுதான்.

இனி நாட்காட்டி. இதில் நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் வேலை இங்கேதான் இருக்கிறது.

இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். அதனால் ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்று வந்துவிடும். 2030-இல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் தொடங்கும். சில ஆண்டுகள் இறுதித் தேர்வோடு மோதும் நோன்பு, பிறகு இடைத்தேர்வுக்கும் அங்கிருந்து பருவத் தொடக்கத்துக்கும் போய்விடும். எனவே 'சென்ற முறை இப்படிச் செய்தோம்' என்ற பழைய கோப்பை நம்பிப் பயனில்லை. பெருநாள் எந்தத் தேதி என்பதும் பிறை பார்த்த பிறகுதான் பல இடங்களில் உறுதியாகும். நோன்பு 29 நாளா 30 நாளா என்பது முந்தின மாலையில் தெரியவரும். அட்டவணை போடும்போது இரண்டு நாளையும் காலியாக வைத்துவிடுங்கள். ஒரு நாளை மட்டும் குறித்துவிட்டு நள்ளிரவில் சுற்றறிக்கை அனுப்புவது எல்லோருக்கும் தொல்லை.

யூத நாட்காட்டி சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவது. 19 ஆண்டுக்கு ஏழு முறை கூடுதல் மாதம் சேர்க்கிறார்கள். அதனால் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, நோன்பு நாளான யோம் கிப்பூர் இரண்டும் செப்டம்பர், அக்டோபரை விட்டு அதிகம் விலகுவதில்லை. பல நாடுகளில் அதுவே புதிய மாணவர் வந்து சேரும் காலம். அறிமுக நாள், பாடப் பதிவின் கடைசி நாள், முதல் ஆய்வகம் எல்லாம் அந்த வாரங்களில் விழும். யோம் கிப்பூர் நோன்பு சுமார் 25 மணி நேரம், தண்ணீரும் கிடையாது. யூதருக்கும் இஸ்லாமியருக்கும் நாள் என்பது சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. ஆகையால் விடுப்பு ஒரு தேதிக்கு என்று கணினியில் பதிவு செய்தால், முந்தின மாலை வகுப்புக்கு வராதவர் 'காரணமின்றி வராதவர்' ஆகிவிடுவார்.

ஓய்வு நாளிலும் இதே சிக்கல். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை ஓய்வு நாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூத மாணவர் எழுதவோ கணினியைத் தொடவோ மாட்டார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களும் வெள்ளி மாலையிலிருந்து சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் காக்கிறார்கள். ஒரு பேராசிரியர் வாரந்தோறும் இணையவழிப் பயிற்சியை வெள்ளி மாலை திறந்து சனி நள்ளிரவில் மூடினால், மற்றவருக்கு முழுதாக ஒரு நாளுக்கு மேல் கிடைக்கிறது. இவருக்குச் சனி இரவில் சில மணி நேரம் மட்டும். அந்தப் பேராசிரியருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. கடைசி நேரத்தை ஞாயிறு இரவுக்கு மாற்றினால் விஷயம் முடிந்தது. அதைச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும், அதுதான் உங்கள் குழு.

கிறிஸ்தவத் திருநாள்கள் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். மேற்கத்தியச் சபைகளின் ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கும் வரலாம். கீழைத் திருச்சபைகள் வேறு கணக்கைப் பின்பற்றுவதால், 2024-இல் ஒருவருக்கு மார்ச் 31, மற்றவருக்கு மே 5. அடுத்த ஆண்டே இருவருக்கும் ஏப்ரல் 20. எத்தியோப்பியக் கிறிஸ்தவருக்கும் பல கீழைச் சபையினருக்கும் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்குள் கல்லூரி திறந்திருக்கும்.

தீபாவளி ஒரே நாள் என்று அட்டவணையில் போடுவதிலும் கவனம் தேவை. சதுர்த்தசி விடியலில் கொண்டாடுவோரும் அமாவாசை மாலையில் கொண்டாடுவோரும் உண்டு. 2024-இல் அக்டோபர் 31 என்று சிலரும் நவம்பர் 1 என்று சிலரும் கொண்டாடினார்கள். அதே நாளில் சமணர் மகாவீரர் நிர்வாணத்தை நினைக்கிறார்கள். சீக்கியருக்கு அது குரு ஹர்கோபிந்த் விடுதலையான பந்தி சோர் நாள். விளக்கேற்றும் ஒரு மாலைக்கு இத்தனை பேர் உரியவர்கள் என்று தெரிந்தால், அழைப்பிதழில் எழுதும் வாசகமே மாறும். சமணரின் பர்யூஷணம் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். சுவேதாம்பரருக்கு எட்டு நாள், திகம்பரருக்குப் பத்து நாள், பலர் கடும் உபவாசம் இருப்பார்கள். பஹாய் சமயத்தார் மார்ச் மாதத்தில் 19 நாள் நோன்பிருந்து நவ்ரூஸ் என்ற புத்தாண்டு நாளோடு முடிக்கிறார்கள். எண்ணிக்கையில் சிறிய சமூகங்கள் என்பதால் இவர்களைப் பற்றி யாரும் நினைவூட்ட மாட்டார்கள்; அவர்களும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

எல்லா நாளும் வாழ்த்துச் சொல்லும் நாளும் இல்லை. ஆஷூரா, ஷியா முஸ்லிம்களுக்கு இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட துக்க நாள். பெரிய வெள்ளியும் அப்படியே. யோம் கிப்பூர் மன்னிப்புக் கேட்கும் நாள். இந்த நாள்களில் பல்கலைக்கழகத்தின் பெயரில் பூங்கொத்துப் படத்தோடு 'இனிய நல்வாழ்த்துகள்' அனுப்புவது பல இடங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அறிந்தவர் ஒருவர் பார்த்துச் சரிசெய்யாமல் எந்த வாழ்த்தும் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள்.

நோன்பாளியும் தேர்வும் சந்திக்கும் இடத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். செய்முறைத் தேர்வு மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணி வரை. சூரியன் மறைவது ஆறு இருபத்தைந்து. மாணவி விடியலுக்கு முன் சாப்பிட்டவள். கையில் அளவுக் குழாய், அளவீடு பாதியில் நிற்கிறது. அந்த நிமிடத்தில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், சில நிமிடம் தொழ வேண்டும். மேற்பார்வையாளருக்கு இது எதுவும் சொல்லப்படவில்லை என்றால், அவர் விதிப்புத்தகத்தைப் பார்த்து 'வெளியே போனால் திரும்ப வர முடியாது' என்பார். விதிப்படி அவர் சொல்வது சரிதான். சூரியன் மறையும் நேரம் மாதங்களுக்கு முன்பே நிமிடக் கணக்கில் தெரியும். அதைத் தேர்வறை அறிவுறுத்தலில் அச்சிட்டு, அந்த நேரத்தில் ஆய்வகத்துக்கு வெளியே நோன்பு திறக்கலாம், தொழலாம், இழந்த பதினைந்து நிமிடம் கடைசியில் சேர்த்துத் தரப்படும் என்று ஒரு வரி எழுதினால் போதும். அதைவிட நல்ல வழி, அந்த மாதத்தில் மாலைத் தேர்வையே தவிர்த்துக் காலையில் வைப்பது. நோன்பாளிக்கு உடம்பில் தெம்பு இருப்பது முற்பகலில்தான். வட ஐரோப்பியக் கோடைகாலம் போன்ற இடங்களில் பகல் 18 மணி நேரத்தைத் தாண்டும். அங்கே கோடையில் வரும் ரமலானில், பிற்பகல் மூன்று மணித் தேர்வு என்பது பாடத்தை அளக்கும் தேர்வாக இருக்காது.

இந்த ஏற்பாடுகளை ஆசிரியர் ஒவ்வொருவரின் இரக்கத்துக்கு விட்டுவிடாமல் எழுத்தில் கொண்டுவாருங்கள். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், சமயத்தையும் நம்பிக்கையையும், நம்பிக்கை இல்லாமையையும்கூட, பாதுகாக்கப்பட்ட பண்பாகச் சொல்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019-இல் கொண்டுவந்த சட்டம் எனக்குப் பிடித்த முன்மாதிரி: சமய அனுசரிப்புக்காக வர முடியாத மாணவருக்கு நிறுவனம் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும், அந்த விவரம் ஒவ்வொரு பாடத்திட்டத் தாளிலும் இருக்க வேண்டும், மாணவர் பாடம் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் தேதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் கடமை வைத்திருப்பதுதான் அதன் சிறப்பு. கடைசி நாளில் வந்து நிற்கும் மாணவரும், முன்பே சொல்லியும் மறுக்கும் ஆசிரியரும் இதில் தப்ப முடியாது.

மாற்றுத் தேர்வு அதே அளவு கடினமாக இருக்க வேண்டும். தண்டனைபோலக் கடினமாகவும் கூடாது, சலுகைபோல எளிதாகவும் கூடாது. 25 மணி நேர நோன்பு முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அதை வைத்துவிட்டு 'வாய்ப்புக் கொடுத்தோம்' என்று சொல்லக் கூடாது. வருகைப்பதிவில் அந்த நாள் தனிக் குறியீட்டோடு போக வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: மதகுருவிடமிருந்து சான்றிதழ் கேட்காதீர்கள். ஒருவருடைய பக்தியை அளக்கும் வேலை பதிவாளர் அலுவலகத்துக்கு வேண்டாம். இதைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்று கேட்பார்கள். மாற்றுத் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்ற நிலையில் பொய் சொல்லி ஒருவருக்குக் கிடைக்கப்போகும் லாபம் அதிகமில்லை.

மாணவரை மட்டுமே நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். விடுதிச் சமையலறையில் நிற்பவர், காவலர், துப்புரவுப் பணியாளர், நீரேற்று மோட்டார் பார்ப்பவர் ஆகியோரும் பல்கலைக்கழகச் சமூகம்தான். மற்றவருடைய ஒவ்வொரு விழாவிலும் அவர்களுக்கு வேலை இரட்டிப்பாகிறது. தங்கள் சொந்தத் திருநாளில் அவர்களுக்கு விடுப்பு கிடைக்கிறதா? வெவ்வேறு சமயத்தவர் முறை மாற்றிக்கொண்டு பணி செய்யும் வசதியை எழுத்து மூலமாக ஏற்படுத்திவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். உங்கள் குழுவில் பணியாளர் பிரதிநிதி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இடம் பற்றி. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 1955-இல் யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் மூவருக்கும் மூன்று சிறு வழிபாட்டகங்களைக் குளத்தின் அருகே கட்டியது. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி அவை அமைக்கப்பட்டன என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எதிர்வழியில் போனது. ஈரோ சாரினன் வடிவமைத்த ஒரே கட்டடம்: சன்னலில்லாத வட்டமான செங்கல் சுவர், கூரையின் நடுவிலிருந்து வெண்பளிங்குப் பீடத்தின் மேல் விழும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தைப் பிடித்துச் சிதறடிக்கும் உலோகத் தகடுகள். எந்த மதத்தின் சின்னமும் நிரந்தரமாக இல்லை. வருகிறவர் தம்முடையதைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லலாம். தனித்தனியாகக் கொடுக்க முடியாத நிறுவனங்களுக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும். மூன்று சமூகங்களுக்கு இடம் கட்டிய நிறுவனம், நான்காவது சமூகம் வரும்போது மறுபடி நிலம் தேட வேண்டியிருக்கும்.

பெரிய கட்டடக் கலைஞர் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. கால் கழுவத் தாழ்வான குழாய், செருப்பு வைக்க அடுக்கு, புனித நூல்களைத் தனித்தனியாகப் பூட்டி வைக்க அலமாரி, திசை காட்டும் சிறு குறி, வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி, பெண்கள் தயங்காமல் வந்துபோகும் பாதை. இவை இல்லாத 'பல்சமய அறை' விரைவில் நாற்காலி அடுக்கும் கிடங்காகிவிடுகிறது. அறையின் நேரப் பதிவை எந்த ஒரு மதக் குழுவிடமும் கொடுக்காமல் அலுவலகமே வைத்துக்கொள்ளட்டும். எந்த மதமும் இல்லாமல் பத்து நிமிட அமைதிக்காக வருகிறவருக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும்.

கொண்டாட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் மாணவர் இதில் கெட்டிக்காரர்கள். பண்டிகை யாருடையதோ அவர்கள் கையில் அதை விடுங்கள். குழு இடமும் பணமும் பாதுகாப்பும் தரட்டும். பணம் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்றபடி மட்டும் பிரிந்தால் சிறிய சமூகங்களுக்கு ஒரு விளக்கு வாங்கக்கூட மிஞ்சாது; அடிப்படைத் தொகை எல்லோருக்கும் ஒன்றாக இருந்து, அதற்கு மேல் எண்ணிக்கை பார்க்கலாம். ஓர் ஊரிலிருந்து வந்த ஒரே மாணவரைப் பிடித்து 'உங்கள் பண்பாட்டைக் காட்டுங்கள்' என்று மேடையில் நிறுத்தாதீர்கள். அவர் வேதியியல் படிக்க வந்தவர். நவ்ரூஸை முஸ்லிம்களும் பார்சிகள் உள்ளிட்ட ஜொராஸ்டிரியரும் பஹாய்களும் கொண்டாடுகிறார்கள். ஒரே மதத்துக்குள் ஒரே நாளைப் பற்றி இரண்டு கருத்து இருப்பதும் சகஜம். யார் உண்மையான பிரதிநிதி என்ற தீர்ப்பைக் குழு சொல்லக் கூடாது. இரண்டு குழு கேட்டால் இரண்டுக்கும் நேரம் கொடுங்கள்.

இனி பொன்விழா. ஆண்டு நிறைவுகளை நான் மிகவும் மதிக்கிறேன், அதனாலேயே கண்டிப்பாகப் பேசுகிறேன். 'எந்த நாளில் தொடங்கினோம்' என்பதே பல நேரங்களில் பின்னால் எடுத்த முடிவுதான். இத்தாலியின் போலோஞா பல்கலைக்கழகம் 1088-இல் தோன்றியது என்பது 19-ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஜொசுவே கார்துச்சி தலைமையிலான குழு நிர்ணயித்த ஆண்டு. 1888-இல் எண்ணூறாவது ஆண்டு விழா கோலாகலமாக நடந்தது. தொள்ளாயிரமாவது ஆண்டை முன்னிட்டு 1988 செப்டம்பர் 18 அன்று அங்கே கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் கல்விச் சுதந்திரத்தைப் பறைசாற்றும் பெருஞ்சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். ஆண்டு தோராயமாக இருந்தாலும், அதைச் சாக்காக வைத்து ஒரு நல்ல காரியம் நடந்தது. உங்கள் பொன்விழாவும் வளைவுகளோடு முடிந்துவிடாமல், பின்னால் வருகிறவர் எடுத்துக் காட்டக்கூடிய ஓர் ஆவணத்தையோ உரிமையையோ விட்டுச் செல்லட்டும். சமய அனுசரிப்பு விடுப்பு விதியே அந்தப் பரிசாக இருக்கலாம்.

பொன்விழா மலரில் துணைவேந்தர்களின் படங்கள் மட்டும் வந்தால் போதாது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை நடத்திய ஏசு சபையினர், 1838-இல் தங்கள் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த 272 பேரை விற்று, கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகக் கடனை அடைக்கப் பயன்படுத்தினார்கள். 2017 ஏப்ரலில் அந்த மக்களின் வழித்தோன்றல்களை அழைத்து, வழிபாட்டு வடிவத்திலேயே ஒரு நினைவுகூரலை நடத்தி, மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு கட்டடத்துக்கு விற்கப்பட்டவர்களில் ஒருவரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயரைச் சூட்டினார்கள். ஆண்டு நினைவும் சமய அனுசரிப்பும் உண்மையும் ஒரே இடத்தில் சேர்ந்த நிகழ்வு அது.

வலிக்கும் நினைவு நாள்களை நிர்வாகங்கள் சீக்கிரம் மறக்க விரும்பும். 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். ஐந்தாண்டு நினைவு கூர்ந்த பிறகு, 1975-இல் இனி அதை நடத்துவதில்லை என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொண்டது. மாணவர்கள் தாங்களே ஒரு குழு அமைத்துப் பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏந்தி நடந்தார்கள். இன்று நால்வரும் விழுந்த வாகன நிறுத்துமிடத்தில் கார்கள் நிற்க முடியாதபடி அந்த இடங்கள் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்க மொழிக்காகத் திரண்டு சுடப்பட்ட மாணவரின் நினைவு, தடைகளை மீறி ஆண்டுதோறும் வெறுங்காலோடு நடந்தவர்களால் நின்றது. யுனெஸ்கோ 1999-இல் அதை உலகத் தாய்மொழி நாளாக ஏற்றது. 1939-இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடி மாணவர் தலைவர்கள் உள்ளிட்ட ஒன்பது பேரைக் கொன்றதன் நினைவாக, நவம்பர் 17 சர்வதேச மாணவர் நாளாக இருக்கிறது.

உங்கள் நிறுவனத்தின் ஐம்பது ஆண்டுகளிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்: ஒரு விபத்து, ஒரு போராட்டம், கட்டுமானத்தில் இறந்த தொழிலாளர். பழைய மாணவரிடமும் ஓய்வுபெற்ற பணியாளரிடமும் விசாரியுங்கள். அந்த நாளுக்குப் பாட்டும் நடனமும் வேண்டாம். பெயர்களை வாசித்தால் போதும்.

கடைசியாக, முக்கிய நாள் நோன்பு மாதத்தில் விழுவது பற்றி. நிறுவன நாள் குறிப்பிட்ட தேதிக்கே இருக்க வேண்டும் என்றால், அன்று காலை கொடியேற்றம், பெயர் வாசிப்பு, கண்காட்சித் திறப்பு என்று சுருக்கமாக நடத்துங்கள். இதில் நோன்பாளிக்கு எந்தத் தடையும் இல்லை. பெரிய விருந்தையும் கலைநிகழ்ச்சியையும் பெருநாள் கழிந்த அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், அதிலும் வெள்ளி மாலையைத் தவிர்த்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் அந்தத் தேதிக்குத்தான் வருவார் என்று விருந்தை நகர்த்த முடியாமல் போனால், நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் பந்தி தொடங்கக் கூடாது. தேதி முடிவான அன்றே எல்லாச் சமயக் குழுக்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, இரண்டு வாரம் ஆட்சேபத்துக்குக் காத்திருந்து, பிறகுதான் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுங்கள்.